தமிழ்நாட்டில் கோவிட்-19 கால மிகை இறப்பு

மிகை இறப்பு என்பது, ஒரு பகுதியில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் நிகழ்ந்த மொத்த இறப்புகளுக்கும், அக்காலத்தில் வழமையாக எதிர்பார்க்கத்தக்க இறப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு ஆகும். பெருந்தொற்று, வெப்ப அலை, புயல், பஞ்சம் போன்றவற்றால் ஏற்பட்ட உயிரிழப்பை மதிப்பிட இது பயன்படுகின்றது. நோயாய்வு செய்யப்பட்டவர்களை மட்டும் எண்ணாமல் எல்லா இறப்புகளையும் கணக்கில் கொள்வதால், சோதனை செய்யப்படாமல் இறந்தவர்களும் இதில் அடங்குவர்.

தமிழ்நாட்டில் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கோவிட்-19 நோயால் இறந்தோர் தொகை குறித்து அலுவல்முறை எண்ணிக்கைக்கும் இறப்புப் பதிவேடுகளுக்கும் இடையே பெரிய இடைவெளி காணப்பட்டது. சென்னை மாநகருக்கான ஆய்வு இந்த இடைவெளியைத் தெளிவாகக் காட்டுகின்றது. எனினும் திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்)–ஒரகடம் தொழிற்பகுதி போன்ற சிறிய, இடம்பெயர்ந்தோர் மிகுந்த பகுதிகளுக்கு இதே கணக்கை அப்படியே செய்தால் தவறான முடிவுகள் கிடைக்கக்கூடும். இக்கட்டுரை அவ்விரண்டையும் விளக்குகின்றது.

கணக்கிடும் முறை

மிகை இறப்பைக் கணக்கிட இரண்டு எண்கள் தேவை. ஒன்று, நிகழ்ந்த இறப்புகள். இது பதிவேட்டிலிருந்து பெறப்படுகின்றது. மற்றொன்று, எதிர்பார்க்கப்பட்ட இறப்புகள். இது எங்கும் பதிவாகியிருப்பதில்லை; முந்தைய ஆண்டுகளின் போக்கைக் கொண்டு மதிப்பிடப்படுவதாகும். பொதுவாக முந்தைய ஐந்து ஆண்டுகளின் சராசரி எடுத்துக்கொள்ளப்படும். மக்கள்தொகை வளர்ச்சி, முதியோர் விழுக்காட்டின் உயர்வு, பருவகால மாற்றம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணிப்பது கூடுதல் நம்பகமானது.

மிகை இறப்பை எதிர்பார்த்த இறப்புகளின் விழுக்காடாகக் கூறுவதும் உண்டு. எடுத்துக்காட்டாக, 1,000 இறப்புகள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 1,250 நிகழ்ந்தால் மிகை இறப்பு 250, விழுக்காட்டில் 25. வெவ்வேறு அளவுள்ள பகுதிகளை ஒப்பிட விழுக்காடு உதவும்.

மிகை இறப்பு ஒரு நிகர எண் ஆகும். அதனுள் மூன்று கூறுகள் கலந்துள்ளன:

1. நோயால் நேரடியாக இறந்தோர். இவர்களுள் சோதனை செய்யப்பட்டோரும் செய்யப்படாதோரும் அடங்குவர்.
2. நோய்த்தொற்று இன்றியும், மருத்துவமனைகள் நிரம்பியதாலோ போக்குவரத்து நின்றதாலோ மருத்துவம் கிடைக்காமல் இறந்தோர்.
3. ஊரடங்கு காரணமாக இறக்காமல் தப்பியோர். இக்கூறு எண்ணைக் குறைக்கும்.

மூன்றாவது கூறு சிறியதன்று. தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 2019 இல் சுமார் 10,500 பேர் உயிரிழந்தனர். 2020 இல் இது சுமார் 8,100 ஆகக் குறைந்தது. ஆகவே அவ்வாண்டு வேறு காரணங்களால் கூடுதலாக இறந்தவர்களில் ஏறத்தாழ 2,400 பேர் நிகரக் கணக்கில் மறைந்துவிடுகின்றனர்.

வரலாறு

இங்கிலாந்தின் புள்ளியியலாளர் வில்லியம் பார், 1847 ஆம் ஆண்டு இலண்டனில் பரவிய இன்புளுவென்சா நோயின் தாக்கத்தை, வழமையான இறப்புகளுக்கு மேற்பட்ட இறப்புகளைக் கொண்டு அளந்தார். இம்முறையின் தொடக்கம் பெரும்பாலும் அவருடன் இணைத்துக் கூறப்படுகின்றது.

இந்தியாவில் 1918–19 இன்புளுவென்சா பெருந்தொற்றின் உயிரிழப்பும் இவ்வகையிலேயே மதிப்பிடப்பட்டது. அப்போது நோயை உறுதிசெய்யும் சோதனை எதுவும் இல்லை. எனவே இறப்புப் பதிவேடுகளும், 1911, 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு இடையிலான வேறுபாடுமே சான்றுகளாயின. அவற்றைக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீடுகள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்ததாகக் கூறுகின்றன.

அண்மைக்கால எடுத்துக்காட்டு புவேர்ட்டோ ரிக்கோ தீவு ஆகும். 2017 செப்டம்பரில் வீசிய மரியா புயலில் 64 பேர் இறந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. மின்சாரமும் மருத்துவமும் தடைப்பட்ட பின்வந்த மாதங்களையும் சேர்த்து மிகை இறப்பு கணக்கிடப்பட்டபோது 2,975 என்ற எண் கிடைத்தது. 2018 ஆகஸ்டில் தீவின் அரசு இந்த எண்ணை ஏற்றுக்கொண்டது.

இறப்புப் பதிவு முறை

இந்தியாவில் இறப்புப் பதிவு 1969 ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டத்தின்படி நடைபெறுகின்றது. இறப்பு நிகழ்ந்த 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்கவேண்டும். தமிழ்நாட்டில் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநரே தலைமைப் பதிவாளர் ஆவார். ஊராட்சிகளில் வீடுகளில் நிகழும் இறப்புகளைக் கிராம நிர்வாக அலுவலர் பதிவு செய்கின்றார். மருத்துவமனைகளில் நிகழும் இறப்புகளை அந்நிறுவனமே தெரிவிக்கவேண்டும்.

மிகை இறப்பைப் புரிந்துகொள்ள இம்முறையின் மூன்று இயல்புகளை அறிதல் தேவையாகும்.

முதலாவது, இறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவு செய்யப்படுகின்றது. இறந்தவர் வாழ்ந்த இடத்தில் அன்று.

இரண்டாவது, பதிவின் முழுமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லா இறப்புகளும் பதிவாகின்றன. சில வடமாநிலங்களில் கணிசமானவை பதிவாவதில்லை. பதிவு முழுமை பெற்றுவரும் மாநிலத்தில், இறப்புகள் கூடாமலேயே பதிவுகள் கூடும். தமிழ்நாட்டில் அவ்வாறான உயர்வுக்கு இடம் குறைவு என்பதால், இங்கு பதிவுகள் திடீரெனக் கூடினால் அதனைப் பெரும்பாலும் இறப்புகளின் உயர்வாகவே கொள்ளலாம்.

மூன்றாவது, இறப்பு நிகழ்ந்த நாளும் பதிவு செய்யப்பட்ட நாளும் வேறு வேறு. ஊரடங்கின்போது அலுவலகங்கள் முழுமையாக இயங்காததால் பதிவுகள் பிந்தின. பதிவு நாளைக் கொண்டு மாதவாரியாகக் கணக்கிட்டால், ஊரடங்கு மாதத்தில் இறப்பு குறைந்தது போலவும், அடுத்த மாதங்களில் கூடியது போலவும் தோன்றும்.

இறப்புக்கான காரணம் இதனினும் குறைவாகவே அறியப்படுகின்றது. நாட்டளவில் பதிவான இறப்புகளில் காரணத்துக்கு மருத்துவச் சான்று பெற்றவை 2020 இல் 22.5 விழுக்காடு மட்டுமே.

தமிழ்நாட்டில் பெருந்தொற்று

தமிழ்நாட்டின் முதல் கோவிட்-19 தொற்று மார்ச் 7, 2020 அன்று உறுதிசெய்யப்பட்டது. முதல் இறப்பு மார்ச் 25, 2020 அன்று மதுரையில் நிகழ்ந்தது. மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து பல மாவட்டங்களுக்குத் தொற்று பரவியது.

2020 ஜூன் மாதத்தில், சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த சில கோவிட் இறப்புகள் மாநில அரசின் நாளறிக்கையில் இல்லை என்று தெரியவந்தது. இதனை ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கைக்குப் பின்னர், ஜூலை 22, 2020 அன்று, விடுபட்ட 444 இறப்புகள் மாநில எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டன.

இரண்டாம் அலை 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீடித்தது. மே மாதம் மூன்றாம் வாரத்தில் நாளொன்றுக்கு 36,000 வரை புதிய தொற்றுகள் பதிவாயின. அலுவல்முறை இறப்பு எண்ணிக்கை 2021 மார்ச் இறுதியில் சுமார் 12,700 ஆக இருந்தது. மூன்று மாதங்களில், ஜூன் இறுதியில், அது 32,000 ஐக் கடந்தது. பெருந்தொற்றுக் காலம் முழுமைக்கும் இந்த எண் சுமார் 38,000 ஆகும்.

இரண்டாம் அலையின்போது மருத்துவமனைகள் வழங்கிய இறப்புச் சான்றுகளின் எண்ணிக்கை அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையைவிட மிகக் கூடுதலாக உள்ளதாக அறப்போர் இயக்கம் 2021 ஜூனில் சுட்டிக்காட்டியது. சான்றுகளில் பிற காரணங்களால் நேர்ந்த இறப்புகளும் அடங்கும் என்பதால், அவற்றின் மொத்தத்தை நேரடியாகக் கோவிட் எண்ணிக்கையுடன் ஒப்பிட இயலாது. முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களுடன் ஒப்பிடும்போதே அது மிகை இறப்பைக் காட்டும்.

சென்னை ஆய்வு

சென்னை மாநகரின் இறப்புப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு, லான்செட் தொற்றுநோய்கள் என்னும் மருத்துவ இதழில் வெளியானது. யோசப் லூனார்ட், இரமணன் இலட்சுமிநாராயண் முதலியோரும், தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத் துறையின் தி. சி. செல்வவிநாயகமும் இதன் ஆசிரியர்களுள் அடங்குவர்.

இதன் முக்கிய முடிவுகள் பின்வருமாறு:

- மார்ச் 1, 2020 முதல் ஜூன் 30, 2021 வரை சென்னையில் 87,870 இறப்புகள் பதிவாயின.
- இது எதிர்பார்க்கப்பட்டதைவிட 25,990 கூடுதலாகும். அதாவது எதிர்பார்த்த அளவைவிட ஏறத்தாழ 42 விழுக்காடு மிகை.
- ஆயிரம் பேருக்கு 5.18 மிகை இறப்புகள் நிகழ்ந்தன.
- வயது கூடக் கூட மிகை இறப்பு வீதமும் செங்குத்தாக உயர்ந்தது. 60 வயதைக் கடந்தோரே பெரிதும் பாதிக்கப்பட்டனர்.
- இரண்டாம் அலையின்போது, வசதி குறைந்த குடியிருப்புப் பகுதிகளில் இறப்பு உயர்வு கூடுதலாக இருந்தது.

இதே காலப்பகுதியில் சென்னை மாவட்டத்தின் அலுவல்முறை கோவிட் இறப்புகள் 8,000 அளவிலேயே இருந்தன. ஆகவே மிகை இறப்பு அதனைப்போல் மூன்று மடங்குக்கும் மேலானதாகும். எஞ்சிய அனைத்தும் கோவிட்-19 ஆல் நேர்ந்தவை என்று இதனைக் கொண்டு மட்டும் கூறமுடியாது. ஆயினும் கூடுதல் இறப்புகள் தொற்று உச்சமடைந்த வாரங்களில் குவிந்திருப்பதும், முதியோரிடையே மிகுந்திருப்பதும், அவற்றில் பெரும்பகுதி நோயால் விளைந்தது என்ற கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன.

இந்திய அளவிலான மதிப்பீடுகள்

மே 5, 2022 அன்று உலக சுகாதார அமைப்பு, 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் உலகில் 1 கோடியே 49 லட்சம் மிகை இறப்புகள் நிகழ்ந்ததாக மதிப்பிட்டது. இதில் இந்தியாவின் பங்கு சுமார் 47 லட்சம் ஆகும். இம்மதிப்பீட்டின் நிச்சயமின்மை எல்லை 33 லட்சம் முதல் 65 லட்சம் வரை விரிந்திருந்தது. இந்தியாவின் அலுவல்முறை எண்ணிக்கை அப்போது, 2021 இறுதி வரைக்குமானது, சுமார் 4.8 லட்சம்.

இந்திய அரசு இம்மதிப்பீட்டை ஏற்கவில்லை. பரப்பளவிலும் மக்கள்தொகையிலும் பெரிதும் வேறுபடும் நாடுகளுக்கு ஒரே கணித முறையைப் பயன்படுத்தியமை, 17 மாநிலங்களின் தரவுகளை ஊடகங்கள், இணையத்தளங்கள் ஆகியவற்றிலிருந்து திரட்டியமை ஆகியன அரசு எழுப்பிய மறுப்புகளுள் முக்கியமானவை. அதற்கு இரு நாட்கள் முன்னர் அரசு 2020 ஆம் ஆண்டின் பதிவுத் தரவுகளை வெளியிட்டது. அதன்படி பதிவான இறப்புகள் 2019 இல் 76.4 லட்சம், 2020 இல் 81.2 லட்சம். இந்த உயர்வு முந்தைய ஆண்டுகளின் உயர்வை ஒத்ததே என்றும், அதில் பதிவு முன்னேற்றத்தின் பங்கும் உள்ளது என்றும் அரசு கூறியது.

2021 ஆம் ஆண்டுக்கான பதிவறிக்கை 2025 மே மாதத்திலேயே வெளிவந்தது. அதன்படி அவ்வாண்டில் பதிவான இறப்புகள் சுமார் 1.02 கோடி ஆகும். முந்தைய ஆண்டைவிட இது ஏறத்தாழ 21 லட்சம் கூடுதல். பதிவு முன்னேற்றத்தால் மட்டும் ஓராண்டில் இத்தகைய உயர்வு ஏற்படுவதற்கு முன்மாதிரி இல்லை. மருத்துவச் சான்று பெற்ற இறப்புகளிலேயே 2021 இல் 4.1 லட்சத்துக்கு மேற்பட்டவை கோவிட்-19 ஆல் நேர்ந்தவையாகக் குறிக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டின் அலுவல்முறை எண்ணிக்கையோ சுமார் 3.3 லட்சம். நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான இறப்புகளுக்கே சான்று உண்டு என்பதை இங்கு நினைவிற்கொள்ளவேண்டும்.

சிறு பகுதிகளுக்குக் கணக்கிடுதல்: திருப்பெரும்புதூர்–ஒரகடம்

சென்னைக்குத் தென்மேற்கே, பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களும், அவற்றுக்குத் தெற்கே ஒரகடம், வல்லம் வடகால் ஆகியனவும் அமைந்துள்ளன. ஊண்டாய், இரெனோ–நிசான், தைம்லர், இராயல் என்பீல்டு, அப்பல்லோ டயர்சு, சாம்சங், பாக்சுகான் முதலிய நிறுவனங்களின் ஆலைகள் இப்பகுதியில் உள்ளன. பிற மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளம் தொழிலாளர்கள் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் பெருந்தொகையாக வாழ்கின்றனர்.

இத்தகைய பகுதிக்கு மிகை இறப்பைக் கணக்கிட முயல்வோர் நான்கு சிக்கல்களை எதிர்கொள்வர்.

பதிவிடம்

கடுமையாக நோயுற்றோர் இப்பகுதியிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு அரசு மருத்துவமனைகளுக்கோ, சென்னையின் இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்றவற்றுக்கோ அனுப்பப்படுவர். காப்பீடு பெற்ற தொழிலாளர்கள் கே. கே. நகரிலுள்ள ஈ. எஸ். ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதும் உண்டு. அங்கு நேரும் இறப்பு அந்த ஊரின் பதிவேட்டிலேயே இடம்பெறும். ஊரடங்கின்போது விழுப்புரத்துக்கோ ஒடிசாவுக்கோ திரும்பிச் சென்று இறந்த தொழிலாளியின் இறப்பு அங்கே பதிவாகும். எனவே ஒரகடத்தின் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு, அப்பகுதி மக்கள் பலர் இறந்திருப்பினும், உயர்வு தென்படாமற் போகலாம். நோயாளிகள் வந்து சேரும் ஊரிலோ உயர்வு மிகைப்படத் தோன்றும். இதனைத் தவிர்க்க, இறப்புப் படிவத்தில் குறிக்கப்படும் இறந்தவரின் வழமையான முகவரியைக் கொண்டு இறப்புகளை மீண்டும் வகைப்படுத்தவேண்டும்.

மக்கள்தொகை

இறப்பு வீதத்தைக் கணக்கிட மக்கள்தொகை தெரியவேண்டும். கடைசியாகப் பயன்படுத்தக்கூடிய கணக்கெடுப்பு 2011 இல் நடந்தது. 2021 இல் நடக்கவேண்டியது பெருந்தொற்றால் ஒத்திவைக்கப்பட்டது. இந்தப் பத்தாண்டுகளில் இத்தொழிற்பகுதி பெரிதும் வளர்ந்தது. மேலும், 2020 ஏப்ரல், மே மாதங்களில் தொழிலாளர்கள் பெருந்தொகையாக வெளியேறினர்.

இதன் விளைவைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பகுதியில் 70,000 நிலையான குடிமக்களும் 30,000 இளம் தொழிலாளர்களும் வாழ்வதாகக் கொள்வோம். குடிமக்களிடையே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 8 பேரும், இளைஞர்களிடையே ஆயிரத்துக்கு ஒருவரும் இறப்பதாகக் கொண்டால், இறப்புகள் முறையே 560, 30, மொத்தம் 590. ஒரு லட்சம் பேருக்கு 590 என்பதால் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 5.9 ஆகும். தொழிலாளர்கள் அனைவரும் ஊர் திரும்பினால் 70,000 பேருக்கு 560 இறப்புகள், வீதம் 8. அதாவது ஒருவர்கூடக் கூடுதலாக இறக்காமலேயே இறப்பு வீதம் 36 விழுக்காடு உயர்ந்துவிடுகின்றது. தொழிலாளர் திரும்பி வரும்போது இதற்கு மாறாக வீதம் குறையும். அந்த வீழ்ச்சி உண்மையான உயிரிழப்பை மறைக்கவும் கூடும். இதனால் இத்தகைய இடங்களில் மொத்த வீதத்தை விடுத்து, வயதுவாரியான இறப்புகளை ஒப்பிடுவதே முறையாகும்.

மாவட்ட எல்லை மாற்றம்

2018 இல் சென்னை மாவட்டம் மாநகராட்சி எல்லைக்கு இணையாக விரிவாக்கப்பட்டபோது காஞ்சிபுரம் மாவட்டத்தின் சில பகுதிகள் அதில் சேர்ந்தன. பின்னர் நவம்பர் 29, 2019 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 40 லட்சம் மக்களைக் கொண்டிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில், பிரிப்புக்குப்பின் எஞ்சிய பகுதியின் மக்கள்தொகை, அதே கணக்கெடுப்பின்படி, சுமார் 11.7 லட்சம் ஆகும். இத்தொழிற்பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே நீடித்தது.

தமிழ்நாட்டின் இறப்பு வீதம் பெருந்தொற்றுக்கு முன் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 6 ஆகும். இதன்படி பழைய மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 24,000 இறப்புகளும், புதிய மாவட்டத்தில் சுமார் 7,000 இறப்புகளும் எதிர்பார்க்கத்தக்கவை. எல்லை மாற்றத்தைக் கவனியாமல் 2015–2019 சராசரியை 2020 உடன் ஒப்பிட்டால், பெருந்தொற்று ஆண்டில் 17,000 பேர் இறக்காமல் தப்பினர் என்ற பொருளற்ற முடிவு கிடைக்கும். வட்டம், ஊராட்சி அளவில் பழைய பதிவுகளைப் பிரித்து எடுத்தாலன்றி இப்பிழையை நீக்க இயலாது.

சிறிய எண்கள்

இறப்புகள் ஆண்டுதோறும் தற்செயலாகவும் கூடிக் குறையும். எதிர்பார்த்த எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், இத்தற்செயல் ஏற்ற இறக்கத்தின் பரும்படியான எல்லை கிடைக்கும். ஆயிரத்துக்கு 6 என்ற வீதத்தில்:

- 10,000 பேர் வாழும் ஊரில் எதிர்பார்ப்பது 60. ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 15, அதாவது 25 விழுக்காடு.
- ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியில் எதிர்பார்ப்பது 600; ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 49, அதாவது 8 விழுக்காடு.
- 50 லட்சம் பேர் வாழும் ஒரு சிறு நாட்டில் எதிர்பார்ப்பது 30,000. ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 350, அதாவது ஒரு விழுக்காட்டைச் சற்று மிஞ்சும்.

ஆகவே ஓர் ஊராட்சியில் ஓராண்டில் 60 க்குப் பதிலாக 72 பேர் இறந்திருந்தால், அதனைக் கொண்டு எதுவும் கூறமுடியாது. சிறு நாட்டில் அதே 20 விழுக்காடு உயர்வு ஐயத்துக்கு இடமற்ற செய்தியாகும். நியூசிலாந்து இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு. அங்கு இறப்புகள் 2019 இல் சுமார் 34,300 ஆக இருந்து 2020 இல் சுமார் 32,600 ஆகக் குறைந்தன. எல்லைகள் மூடப்பட்டு, குளிர்காலச் சளிக்காய்ச்சலும் பரவாமற் போனதே இதற்கு முக்கிய காரணமாகக் கூறப்படுகின்றது.

ஆலைகளும் இரண்டாம் அலையும்

2021 மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு நடைமுறையில் இருந்தபோதும், வாகன உற்பத்தி ஆலைகள் விலக்குப் பெற்று இயங்கின. பாதுகாப்பு இடைவெளி போதவில்லை எனத் தொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மே மாத இறுதியில் ஊண்டாய் ஆலையும் இரெனோ–நிசான் ஆலையும் சில நாட்கள் உற்பத்தியை நிறுத்தின. இரெனோ–நிசான் தொழிற்சங்கத்தின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது.

ஆலைகள் இயங்கியதால் எத்தனை உயிர்கள் இழக்கப்பட்டன என்னும் வினாவுக்கு மிகை இறப்புக் கணக்கு விடை தருவதில்லை. இறப்புப் பதிவேடு பணியிடம் வாரியாகத் தொகுக்கப்படுவதில்லை. இளம் தொழிலாளர்களிடையே இறப்பு வீதம் இயல்பாகவே குறைவு. அவர்கள் வழியாக வீட்டிலுள்ள முதியோருக்குத் தொற்று பரவியிருந்தால், அந்த இறப்பு வேறொரு வயதுப் பிரிவிலும், பல வேளைகளில் வேறொரு ஊரிலும் பதிவாகும்.

இழப்பீடும் இறப்புச் சான்றும்

இறப்பு எதனால் நேர்ந்தது என்பது குடும்பங்களின் வாழ்வாதாரத்தையும் தீர்மானித்தது. 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுமக்களுக்கு வழங்கப்படும் இறப்புச் சான்றில் இறப்புக்கான காரணம் குறிக்கப்படுவதில்லை. இதனால் கோவிட் இறப்பை மெய்ப்பிக்க, குடும்பத்தினர் சோதனை முடிவையோ மருத்துவமனை ஆவணத்தையோ தேடவேண்டியிருந்தது.

ஜூன் 30, 2021 அன்று உச்ச நீதிமன்றம், கோவிட்-19 ஆல் இறந்தோரின் குடும்பங்களுக்குக் கருணைத்தொகை வழங்க நெறிமுறை வகுக்குமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி ரூ. 50,000 என முடிவு செய்யப்பட்டு, அக்டோபர் 4, 2021 அன்று நீதிமன்றம் அதனை ஏற்றது. சோதனையில் தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் இறந்தால், இறப்பு மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்திருப்பினும், அது கோவிட் இறப்பாகக் கொள்ளப்பட்டது. இதன்பின் சில மாநிலங்களில் ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் அறிவிக்கப்பட்ட இறப்புகளை விஞ்சின. குசராத்தில் அலுவல்முறை எண்ணிக்கை சுமார் 10,000 ஆக இருக்க, 2022 சனவரிக்குள் 68,000 க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டிருந்தன.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் தன் காப்பீட்டாளர்களுக்கெனத் தனித் திட்டம் ஒன்றை 2021 இல் அறிவித்தது. அதன்படி, கோவிட்-19 ஆல் இறந்த தொழிலாளியின் சராசரி நாட்கூலியில் 90 விழுக்காடு அவரைச் சார்ந்தோருக்கு வழங்கப்படும். நோய் கண்டறியப்படுவதற்குக் குறைந்தது மூன்று மாதங்கள் முன்னரே பெயர் பதிவாகியிருக்கவேண்டும். முந்தைய ஓராண்டில் குறைந்தது 70 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்கவேண்டும். தமிழ்நாடு அரசு, பெற்றோர் இருவரையும் கோவிட்டால் இழந்த குழந்தைகளின் பெயரில் ரூ. 5 லட்சம் வைப்புத்தொகை இடும் திட்டத்தைச் செயற்படுத்தியது.

இத்திட்டங்கள் அனைத்துக்கும் தனிநபர் சான்று இன்றியமையாதது. மிகை இறப்பு ஒரு தொகுதிக் கணக்கு. அதில் எந்த ஒருவரின் பெயரும் இல்லை. சென்னையின் 25,990 மிகை இறப்புகளுள் இன்னார் அடங்குவார் என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. சோதனை செய்யப்படாமல் இறந்தவர்கள் ஆய்வாளரின் கணக்கில் இடம்பெற்றனர். ஆனால் அவர்தம் குடும்பங்கள் பயனாளிகள் பட்டியலில் இடம்பெறுவது அரிதாயிற்று.

2023 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அக்டோபர் 1, 2023 முதல் நடைமுறைக்கு வந்தது. இறப்புக் காரணச் சான்றினைப் பதிவாளருக்கு அனுப்புவதோடு, அதன் படியை நெருங்கிய உறவினருக்கும் மருத்துவ நிறுவனங்கள் வழங்கவேண்டும் என அது கூறுகின்றது.

விளக்கும்போது கவனிக்கவேண்டியவை

- எதிர்பார்ப்பைக் கணிக்கும் முறையை மாற்றினால் முடிவும் மாறும். உலக சுகாதார அமைப்பு செருமனிக்கு முதலில் கூறிய சுமார் 1,95,000 என்ற எண், கணிப்பு முறை திருத்தப்பட்டபின் சுமார் 1,22,000 ஆகக் குறைந்தது. பதிவேட்டில் எந்த மாற்றமும் நிகழவில்லை.
- ஒற்றை எண்ணை விடுத்து, நிச்சயமின்மை எல்லையையும் சேர்த்தே படிக்கவேண்டும்.
- மிகை இறப்பும் கோவிட் இறப்பும் ஒன்றல்ல. முன்னது பின்னதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம்.
- இரு பகுதிகளை ஒப்பிடுமுன் அவற்றின் வயது அமைப்பும் பதிவு முழுமையும் ஒத்தவையா எனப் பார்க்கவேண்டும்.
- ஒரு சிறு பகுதியில் மிகை இறப்பு தென்படவில்லை என்பது, அங்கு எவரும் கூடுதலாக இறக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

இவற்றையும் பார்க்க

- இறப்பு வீதம்
- இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு
- தமிழ்நாட்டில் கோவிட்-19 பெருந்தொற்று
- காஞ்சிபுரம் மாவட்டம்
- 1918 இன்புளுவென்சா பெருந்தொற்று